அரை விநாடி

வண்டி ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில் உட்காருகிறவர்களிடம் முதலில் செருப்பைக் கழற்றிவிடச் சொல்வேன். பக்கவாதம் வந்த காலுக்கு எந்த மிதி எங்கே இருக்கிறது என்பது வெறுங்காலில்தான் சட்டென்று பிடிபடும். இந்த மறுவாழ்வுப் பிரிவில் பதினோரு வருடமாக அந்த அறை என் பொறுப்பு. மூன்று திரை, ஒரு இருக்கை, ஸ்டீயரிங், பக்கத்து மேசையில் என் கணினி. அங்கே தேறி மறுபடி வண்டி எடுத்தவர்கள் இருநூறு பேருக்கு மேல் இருப்பார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

என் கணவருக்குப் போன வருடம் வலப்பக்கம் விழுந்துவிட்டது. அவர் ஆம்புலன்ஸ் டிரைவர். ஊரில் அவருக்குப் பெயரே 'காத்து'. எட்டு மாதத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டார், டாக்டர் என்னிடம் அனுப்பினார். சொந்தக்காரரை வேறொருவர்தான் சோதிக்க வேண்டும் என்பது விதி. எங்களிடம் வேறொருவர் இல்லை. "எனக்கு எல்லா பேஷன்ட்டும் ஒண்ணுதான் டாக்டர்" என்றேன். அவரும் சரியென்று விட்டுவிட்டார். அவர்மேல் தப்பு இல்லை.

முதல் நாள் என் கணவர் நன்றாகவே ஓட்டினார். கடைசிச் சோதனையில், சந்து முனையிலிருந்து ஒரு பெண் குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே ஓடிவரும். அதற்கு ஒரு கார் நீளம் முன்பே நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "அடுத்த மாசமே டியூட்டில சேந்துடலாம் போல இருக்கே" என்றார்.

அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். பதினான்கு வருடத்துக்கு முன்னால், ஏழாம் மாதத்தில் எனக்கு ரத்தப்போக்கு கண்டது. போன் செய்தேன். அவர் வண்டியில் மாரடைப்பு வந்த யாரோ ஒரு பெரியவர் இருந்தார். இறக்கிவிட்டு வந்துவிடுகிறேன், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றார். இருந்தேன். பெரியவர் பிழைத்துக்கொண்டார். எங்கள் பெண் பிழைக்கவில்லை. பத்து நாள் கழித்து அந்தப் பெரியவர் குடும்பத்தோடு நன்றி சொல்ல வீட்டுக்கு வந்தபோது, இவர் இப்படித்தான் சிரித்தார். நான் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன்.

அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. கேட்டீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

இரண்டாம் நாள், என் கணினியில் பிரேக் தாமதம் என்ற இடத்தில் இருந்த பூஜ்யத்தை அரை விநாடியாக மாற்றினேன். மழையில் நனைந்த பிரேக் எப்படித் தாமதித்துப் பிடிக்கும் என்று நோயாளிக்குக் காட்ட வைத்திருக்கும் வசதி அது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அரை விநாடி என்றால் ஐந்தரை மீட்டர். குழந்தையைத் தாண்டிப் போய்த்தான் வண்டி நின்றது. ரத்தம் எல்லாம் காட்டாது. தொப்பென்று ஒரு சத்தம், பிறகு திரை கறுத்துவிடும்.

"சரியாத்தானே மிதிச்சேன்?" என்று கேட்டார்.

"மிதிச்ச மாதிரி உங்களுக்குத் தோணுது. கால் போகவே இல்லைங்க" என்றேன். குரலை இதமாக வைத்துக்கொள்வது எங்கள் தொழிலின் பாலபாடம்.

வாரத்துக்கு இரண்டு முறை, நான்கு மாதம். முப்பத்தொரு முறை அந்தக் குழந்தையை அடித்தார். பத்தாவது முறைக்குப் பிறகு குழந்தைக்குப் பதில் நாய், மாடு என்று வேறு ஏதாவது போடக்கூடாதா என்று கெஞ்சினார். எல்லோருக்கும் ஒரே சோதனைதான் என்று சொல்லிவிட்டேன். வீட்டிலும் மெல்ல மெல்ல ஒவ்வொன்றாக விட்டார். சட்டைப் பொத்தான் போடுவதை விட்டார், பிறகு கரண்டி பிடிப்பதையும் விட்டார். "காலே பொய் சொல்லுது, கை மட்டும் உண்மை சொல்லுமா?" என்றார். வேளாவேளைக்கு நான்தான் ஊட்டினேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவர் சேர்ந்தாற்போல இத்தனை நாள் வீட்டில் இருந்ததே இல்லை.

போன மாதம் எனக்கு இரண்டு நாள் காய்ச்சல். வேறு ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் பதிலாக வந்த பெண் அவருடைய கோப்பைத் திறந்திருக்கிறாள். அந்த அரை விநாடி அப்படியே இருந்தது.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார். உங்கள் காலில் ஒரு குறையும் இல்லை, முதல் நாளே தேறிவிட்டீர்கள் என்றார். நான் அடியை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அவர் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்னைத் தேத்தறதுக்காக அவ தலையில பழியைப் போடாதீங்க டாக்டர். அந்தக் குழந்தைய அடிச்சது நான். என் காலப் பத்தி எனக்குத் தெரியாதா?"

சிமுலேட்டரில் ஒருமுறை உட்காரச் சொல்லி டாக்டர் எவ்வளவோ கேட்டும் அவர் உட்காரவில்லை.

ஆகவே எண்ணை மாற்றியது நான்தான். தெரிந்தேதான் மாற்றினேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் அவரை முடக்கிப்போட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நேற்றுகூடக் கார் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து, ஒரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள் என்றேன். அது ஏதோ சுடுவதுபோல என் மடியில் போட்டுவிட்டு, முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

இப்படி என்னையே நம்பியிருக்கிற மனிதரை, ஐயா, நான் எப்படித் தனியாக வெளியே அனுப்புவேன்?