சூடாகாத பிரேக்

காஸ்தெல்பிரூனோ காராபினியேரி காவல் நிலையத்தில், 2015 அக்டோபர் 29, வியாழக்கிழமை, நிலைய அதிகாரி முன்னிலையில் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் ஓரெஸ்தே பக்கனெல்லி. வயது 53. தகப்பனார் பெயர் காலஞ்சென்ற ஆமில்காரே. இதே ஊரில் சான் பியாஜோ தெரு, 14ஆம் எண் கட்டடம், மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக வேலை செய்கிறேன். மணமாகவில்லை. யாரும் அழைக்காமல் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

விபத்துக்குள்ளான சிவப்பு லான்சியா ஃபுல்வியா கூபே, 1967 மாடல், என் தகப்பனார் வாங்கியது. அவர் இறந்த பிறகு சொத்தைப் பிரித்தபோது அது என் அக்கா இவானாவுக்குப் போனது. அவள் கணவர் குவால்தியேரோ ஸ்பதோனியிடம் கூரை போட்ட கொட்டகை இருந்ததே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எனக்கு அப்பாவின் புத்தகங்களும் ஒரு பாரோமீட்டரும் வந்தன. அந்த பாரோமீட்டர் மழையைச் சரியாகச் சொல்வதில்லை. இது வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். தேவை என்று நான் சொன்னதால் பதிவு செய்யப்பட்டது.

அதன் பிறகு அந்த வண்டியின் பராமரிப்பு வேலைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் செய்து வந்தேன். குவால்தியேரோ டைல்ஸ் கடை வைத்திருப்பவர், ஊர் பழைய கார் சங்கத்தின் தலைவர். அவருக்கு வண்டியின் எஞ்சின் மூடியைத் திறக்கத் தெரியும். மூடவும் தெரியும்.

செப்டம்பர் மாதம் அவர் மகள் நிவெஸின் திருமணம் நிச்சயமானது. மணப்பெண் அந்த வண்டியில்தான் தேவாலயத்துக்குப் போவாள் என்று முடிவானது. முன் சக்கர பிரேக் பேட்கள் தேய்ந்திருந்ததால் புதிது போட வேண்டும் என்று நான் சொன்னேன். பழைய வண்டிக்கு உரிய மென்மையான பேட் போதும், அது சத்தம் போடாது, குளிரிலும் முதல் மிதியிலேயே பிடிக்கும், மலை இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் மட்டும் சற்றுத் தளரும் என்று விளக்கினேன். குவால்தியேரோ, சங்கத்தில் மருத்துவரும் வக்கீலும் பந்தயத்துக்கான பேட் போட்டிருக்கிறார்கள், தலைவர் வண்டிக்கு அதைவிடக் குறைந்தது போட முடியாது என்றார்.

"மச்சான், அது சூடாகுறவரைக்கும் வெறும் மரக்கட்டை. முதல் வளைவுல நிக்காது" என்றேன்.

"நிக்காத பிரேக்கை மூணு மடங்கு விலை குடுத்து எவன்யா வாங்குவான்? உன் கணக்கெல்லாம் பள்ளிக்கூடத்தோட வச்சுக்க வாத்தியாரே" என்றார்.

பந்தயப் பேட்களை அவரே வரவழைத்தார். பெட்டியின் மேல் பொதுச் சாலைக்கு உரியதல்ல என்று அச்சிட்டிருந்ததை நான் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். போட மாட்டேன் என்றும் சொன்னேன். அப்படியானால் வேறு பட்டறைக்கு விடுகிறேன், இனிமேல் நீ ஞாயிற்றுக்கிழமை வந்து சிரமப்பட வேண்டாம் என்றார். அதன் பிறகு நானே பொருத்தினேன். இதற்கு என்னிடம் விளக்கம் கேட்கலாம். அந்த வண்டியைத் தொடுவதற்கு எனக்கு வேறு வழியில்லை என்பதே விளக்கம்.

அதற்குப் பிறகு, வண்டியை நானே ஓட்டுவது, தகப்பனும் மகளும் பயணிகளாக வருவது என்று பேசி வைத்தோம். திருமண நாளான அக்டோபர் 24, சனிக்கிழமை காலை மூடுபனியாக இருந்தது. ஸ்பதோனியின் வீடு மேட்டில் இருக்கிறது. தேவாலயம் கீழே. வீட்டை விட்டு இறங்கியதும் வருகிற முதல் திருப்பம் மாதா கோயில் வளைவு. அங்கே சாலையோரம் கல்சுவர் உண்டு. நான் ஒன்பது மணிக்கு வண்டியை எடுத்துப் பாலம் வரை போய், வலது காலால் ஓட்டியபடியே இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டு, அதைச் சூடாக்கினேன். பந்தயத்தில் ஓட்டுபவர்கள் செய்வது இதுதான். பத்து மணிக்கு வாசலில் நிறுத்தினேன். பிரேக் நன்றாகப் பிடித்தது.

மணப்பெண் பத்து மணிக்குப் புறப்பட வேண்டியவள். எங்கள் ஊரில் சொன்ன நேரத்துக்கு வருகிற மணப்பெண்ணை அவசரக்காரி என்பார்கள். நிவெஸ் பதினொன்றேகாலுக்கு இறங்கி வந்தாள். அதற்குள் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. இன்னொரு முறை பாலம் வரை போய் வருகிறேன் என்றேன். பாதிரியார் காத்திருக்கிறார் என்று அக்கா அழுதாள். அப்போது புகைப்படக்காரர், தகப்பனே ஓட்டினால் படம் அழகாக வரும் என்றார். குவால்தியேரோ என் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, விருந்தினருக்கான பாதாம் மிட்டாய்த் தட்டுகளை ஏற்றிக்கொண்டு என் பாண்டா காரில் பின்னால் வரச் சொன்னார்.

நான் ஜன்னலில் குனிந்து, "மச்சான், பிரேக் ஆறிப்போச்சு. இறங்கும்போதே இடது காலால மெதுவா மிதிச்சுக்கிட்டே போங்க. மாதா கோயில் வளைவுக்கு ரொம்ப முன்னாடியே வேகத்தைக் குறைங்க" என்றேன்.

"இன்னைக்கு ஒரு நாளாவது வாயை மூடு. போட்டோ எடுக்கிறாங்க" என்றார்.

பின் இருக்கையிலிருந்து நிவெஸ், "டான்ஸ் ஆடவே அப்பாவுக்கு இடது கால் வராது மாமா" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு அவர்கள் முன்னே போக நான் பின்னே போனேன். வளைவுக்கு முன் ஃபுல்வியாவின் பிரேக் விளக்குகள் இரண்டும் எரிந்ததைப் பார்த்தேன். அவை எரிந்துகொண்டே இருந்தன. வண்டியின் வேகம் குறையவில்லை. நேராகப் போய்க் கல்சுவரில் மோதியது. சாதாரண பேட் போட்ட என் பாண்டா நின்றது. மிட்டாய்த் தட்டுகள் கவிழ்ந்தன. நான் இறங்கி ஓடி நிவெஸை வெளியே எடுத்தேன். அவளது தோள் எலும்பும் மணிக்கட்டும் முறிந்திருந்தன. முக்காட்டைக் கழற்ற வேண்டாம், தலை கலைந்துவிடும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். குவால்தியேரோ மூக்கில் ரத்தத்தோடு இறங்கி, முதலில் வந்து சேர்ந்தவர்களிடம், "பிரேக்கை மாத்தினது இவன்தான். வயித்தெரிச்சல்ல பண்ணிட்டான்" என்றார். மகளைப் பார்த்தது அதற்குப் பிறகு.

26ஆம் தேதி மருத்துவமனைக்குப் போனேன். குவால்தியேரோ என்னை நடைபாதைக்கு அழைத்துப் போய்த் தோளில் கை போட்டார். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"நடந்தது நடந்துபோச்சு மச்சான். 'நாந்தான் பேட் மாறிப்போனது தெரியாம போட்டுட்டேன்'னு போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடு. அபராதத்தோட போயிடும். எனக்கு டிரைவிங் லைசென்ஸ் போச்சுன்னா கடை என்னாகுறது? வண்டியை உன் பேர்லயே எழுதித் தர்றேன். உங்கப்பா வண்டி. நீ ஆசைப்பட்டதுதானே?"

"முன்பக்கம் இல்லாத வண்டியையா?" என்று கேட்டேன். கையை எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு நிவெஸின் அறைக்குப் போனேன். அவள் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் நான் போய்ப் பார்க்க விரும்பிய ஆள் அவள் ஒருத்திதான். நான் எச்சரித்ததைத் தான் கேட்டதாக அவளே சொன்னாள். அதற்குப் பிறகு சொன்னதையும் அப்படியே பதிவு செய்யக் கோருகிறேன்.

"ஆனா நான் கேக்கலைன்னுதான் போலீஸ்ல சொல்லப் போறேன் மாமா. டிசம்பர் பன்னிரண்டு மறுபடி கல்யாணம். அப்பா தலை குனிஞ்சு நடந்தா எனக்கு நல்லாவா இருக்கும்? நீங்க தனியாள். உங்களுக்கு என்ன போயிடப் போகுது?"

வாங்கிப் போன ஆரஞ்சுப் பழங்களை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மூன்று நாள் யோசித்தேன். எனக்குப் போவதற்கு என் பெயர் ஒன்று இருக்கிறது என்று தோன்றியதால் இங்கே வந்தேன். பேட்டைப் பொருத்தியது நான். கேட்டு வாங்கியது குவால்தியேரோ ஸ்பதோனி. எச்சரித்தது நான். ஓட்டியது அவர். நிவெஸ் வேறு விதமாகச் சொன்னால் அது பொய். பொய்யென்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லவும் தயார்.

நான் இங்கே வந்திருப்பது அக்காவுக்கு எப்படியோ தெரிந்து, சற்று முன் கைபேசியில் கூப்பிட்டு, பன்னிரண்டாம் தேதி தேவாலயப் பக்கம் வரக்கூடாது என்று சொன்னாள். மேற்கொண்டு விசாரணைக்கு என்னை அழைப்பதானால், டிசம்பர் 12, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்று எனக்கு வேறு வேலை இல்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. நான் அறிந்தவரை உண்மை என்று உறுதி கூறி, எவருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
ஓரெஸ்தே பக்கனெல்லி