நான் கண்டது பன்னிரண்டு வோல்ட் பிறை

வாக்குமூலம் அளிப்பவர்: ஜவாஹிர் முஹம்மது மின்ஹாஜ்
வயது: 26
முகவரி: இல. 41/2, பள்ளிவாசல் வீதி, கனமூலை, மதுரங்குளி
தொழில்: மின்னியல் தொழில்நுட்பவியலாளர், தேசிய தொழிற்றகைமை நான்காம் மட்டம்
பதிபவர்: பொலிஸ் சார்ஜன் லோறன்ஸ்
நேரம்: நோன்புப் பெருநாளன்று முற்பகல் 9.40

கற்பிட்டியில் வசிக்கும் இறால் பண்ணை உரிமையாளர் பாயிஸ் ஹாஜியார் என் மீது செய்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. வானத்தில் பிறை கண்டதாக நான் பொய் சொன்னேன் என்றும், அவர் வீட்டு மீன்தொட்டி விளக்கைத் திருடினேன் என்றும், அதைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய் அவரைக் கேலிக்கு ஆளாக்கினேன் என்றும் அதில் உள்ளது. முதல் இரண்டும் பொய். மூன்றாவதைச் செய்தேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

ஹாஜியாரின் முன்மண்டபத்தில் ஐந்து அடி நீளமான கடல்மீன் தொட்டி ஒன்று உண்டு. பகல் விளக்கு அணைந்த பின் தொட்டிக்கு மேலே நிலா வெளிச்சம் போல மங்கலான நீல வெளிச்சம் விழ வேண்டும், அதுவும் வானத்து நிலாவைப் போல வளர்ந்து தேய வேண்டும், பெருநாளுக்கு விருந்தாளிகள் வருமுன் வேலை முடிய வேண்டும் என்று அவர் கேட்டார். அதன்படி நோன்பு இருபத்தேழில் வேலையைத் தொடங்கினேன். அலுமினியச் சட்டம் ஒன்றில் பன்னிரண்டு எல்.ஈ.டி.க்களைப் பொருத்தி, உப்புத்தண்ணீர் படாமல் சிலிக்கன் பூசி, பன்னிரண்டு வோல்ட் மின்வழங்கியுடன் இணைத்தேன். கட்டுப்பாட்டுப் பெட்டியில் மூன்று சுவிட்ச்கள் இருந்தன. அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் விளங்கவில்லை என்று ஹாஜியார் சொன்னார். "தமிழ்ல எழுதி ஒட்டு தம்பி. பிறை, அரை, முழு. அவ்வளவுதான்" என்றார். கறுப்பு டேப்பில் வெள்ளைப் பேனையால் அப்படியே எழுதி ஒட்டினேன். ஆகவே அந்தச் சுவிட்சுக்குப் பிறை என்று பெயர் வைத்தவர் முறைப்பாட்டாளரேதான். இதைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று கேட்டேன். பதியப்பட்டது.

அரையும் முழுவும் முதல் நாளே எரிந்தன. பிறை எரியவில்லை. அந்த நிலையில் இரண்டு எல்.ஈ.டி.க்கள் மட்டும் மிகக் குறைந்த வெளிச்சத்தில் எரிய வேண்டும். மின்வழங்கி அவ்வளவு கீழே இறங்காதபடியால் அவை மின்னி மின்னி அணைந்தன. ஹாஜியார் இரண்டு நாளும் போகும்போதும் வரும்போதும், "என்ன எஞ்சினியர், பிறை வந்திச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "வந்தா ஒடனே வொய்ஸ் போடு" என்றும் சொல்லியிருந்தார்.

நோன்பு இருபத்தொன்பதன்று பின்னேரம் புத்தளத்திலிருந்து வேறு மின்வழங்கி வாங்கி வந்து மாற்றினேன். ஹாஜியார் நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி சித்தி மரியம் தாத்தா (அக்காவைத்தான் நாங்கள் தாத்தா என்போம்) தந்த பேரீச்சம்பழத்தையும் கஞ்சியையும் கொண்டு அங்கேயே நோன்பு திறந்தேன். அதன் பின் பகல் விளக்கை அணைத்துப் பிறைச் சுவிட்சைப் போட்டேன். எரிந்தது. மின்னவில்லை. தாத்தாவும் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். அதன் பின் ஹாஜியாருக்கு இரண்டு குரல்பதிவுகள் அனுப்பினேன். இரண்டும் என் தொலைபேசியில் உள்ளன, சார்ஜன் அவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். மாலை 6.31க்கு அனுப்பிய முதலாவது: "ஹாஜி, பழைய பெட்டியக் கழட்டிட்டுப் புதுசு போட்டிருக்கன், தொட்டிக்குப் பக்கத்திலதான் நிக்கிறன்." 6.32க்கு அனுப்பிய இரண்டாவது: "பிறை வந்திட்டு ஹாஜி. என்ட கண்ணால பாத்திட்டுத்தான் செல்றன். மெல்லிசாத்தான் ஈக்கிது, ஆனா நல்ல தெளிவு. ரெண்டு நிமிசம் பாத்துக்கிட்டே நின்டன், அணையல்ல." எங்கள் பேச்சில் செல்றன் என்றால் சொல்கிறேன், அணையல்ல என்றால் அணையவில்லை.

அன்று நோன்பு இருபத்தொன்பது என்பதும், பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள் என்பதால் ஊரெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரம் அது என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. வேலையில் நிற்பவனுக்கு வேலைதான் மண்டையில் இருக்கும். பிழை என்றால் இந்த அளவுக்குத்தான் என் பிழை. இதற்கு மேல் ஒரு அங்குலமும் ஏற்க மாட்டேன்.

ஹாஜியார் முதலாவதைக் கேட்டாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. இரண்டாவதை மட்டும் 6.34க்கு எங்கள் பள்ளிவாசல் மஹல்லாவின், அதாவது அந்தப் பகுதி மக்களின், வட்சப் குழுவில் போட்டிருக்கிறார். மேலே அவரே எழுதிய வாசகம்: "அல்ஹம்துலில்லாஹ், கற்பிட்டியில் பிறை தென்பட்டது. நேரில் கண்ட சகோதரரின் குரல் கீழே." அணையல்ல என்ற சொல்லைக் கேட்டும் அவருக்கு விளங்கவில்லை. வானத்துப் பிறையை யார் சுவிட்ச் போட்டு அணைக்கிறார் என்று ஒரு விநாடி யோசித்திருக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகத்தினர் அதை அறிவிக்காமல், கண்டவரைக் கூட்டிவரும்படி அவரிடம் கேட்டிருக்கிறார்கள். அதற்கு அவர், "அவன் என்ட வீட்டுக்கு வந்து சத்தியம் பண்ணிச் சென்னான், இப்ப போனை நிப்பாட்டி வச்சிருக்கான்" என்று சொன்னதாக நிர்வாகத்தினரே மறுநாள் என்னிடம் கூறினார்கள். நான் போனை நிப்பாட்டவில்லை. டேட்டா மட்டும் முடிந்திருந்தது. அன்று மாலை அவரிடமிருந்து ஒரு அழைப்பும் வராததைச் சார்ஜன் அவர்களுக்கு என் தொலைபேசியில் காட்டினேன்.

கொழும்பிலிருந்து பிறை தென்படவில்லை என்ற அறிவிப்பு வந்த பின் பெரும்பாலானோர் முப்பதாம் நோன்புக்கு ஆயத்தமானார்கள். ஆனால் குரல்பதிவு அதற்கு முன்பே ஊர் ஊராகப் போய்விட்டது. நான் கற்பிட்டியில் தங்கியிருந்த அறையில் ஒன்றும் அறியாமல் இருந்தேன். மறுநாள் நோன்புடன் இருக்கும்போது, காலை ஏழு மணிக்கு என் உம்மா ஹாஜரா கனமூலையிலிருந்து அழைப்பு எடுத்தார்.

"ஈத் முபாரக் மகன். எப்ப வாறா? வட்டிலாப்பம் அவிச்சு வச்சிருக்கன்."

"உம்மா, இண்டைக்கு நோன்பு முப்பது."

அதன் பின் கோப்பையை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"நான் தேத்தண்ணி குடிச்சிட்டனே" என்றார்.

ரேடியோவில் சொன்னதைக் கேட்கவில்லையா என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன், அதை மறைக்கவில்லை. அதற்கு உம்மா, "கேட்டன். ரேடியோக்காரனுக்குத் தெரியாட்டி எனக்கென்ன? என்ட மகன் கண்ணால கண்டன் எண்டு செல்லிட்டான். உன்ட குரல் தானே மகன்" என்றார். என் உம்மாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர். அதோடும் இந்த வருடம் ஒரு நோன்பும் விடாமல் பிடித்தவர். டொக்டர் விடச் சொல்லியும் விடவில்லை. என் சொல்லுக்கு விட்டார்.

அதன் பின் பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடம் நடந்ததை விசாரித்துவிட்டு ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். போகும் வழியில் மீன்வாடிக்கு முன்னால் நின்ற ஒருவர், "பிறைத் தம்பி, நாளைக்குச் சூரியன் வருமா எண்டு செல்லிட்டுப் போங்க" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஹாஜியார் கேற்றடியில் நின்றார். குழுவில் முதலாவது குரல்பதிவையும் போட்டு, அது மீன்தொட்டி லைட் என்று எழுதும்படி அவரிடம் கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

"மெதுவாக் கதை, ஆக்கள் ஈக்கிறாங்க" என்றார். "நீ சென்ன, நான் அனுப்பின. இதில என்ட பொய் எங்க?"

"சத்தியம் பண்ணினன் எண்டு சென்னீங்களே, அது?"

"அட, ஒரு கதைக்குச் சென்னதுதானே. மீன்தொட்டியப் பாத்துப் பெருநாள் அறிவிச்சவன் எண்டு என்னைச் சிரிப்பானுகள். நீ சின்னப் பொடியன், ஒரு மாசத்தில மறந்திருவாங்க. எனக்கு அப்பிடியா?"

ஊர் சிரிப்புக்குப் பயந்து அவர் என்னைப் பொய்ச்சாட்சிக்காரன் ஆக்கியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதைச் சொல்லிவிட்டு அவர் வாகனத்தில் ஏறிப் பண்ணைக்குப் போனார்.

அதன் பின் சித்தி மரியம் தாத்தாவிடம், விளக்கைக் கழற்றப் போகிறேன் என்று சொன்னேன். அவர் கதவைத் திறந்துவிட்டு, "கழட்டிக்கிட்டுப் போங்க தம்பி. நானும் பக்கத்தில நின்டுதானே பாத்தன். செல்லப் போனா வாயை மூடு எண்டாரு" என்றார். வேலை இன்னும் ஒப்படைக்கப்படவில்லை, பிடிகள் இரண்டு இறுக்க இருந்தன. மின்சாரத்தை நிறுத்தி, சட்டத்தையும் சுவிட்ச் பெட்டியையும் முறைப்படி கழற்றினேன். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. மீன்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவை என்னோடு கோபமில்லை. இது திருட்டு என்றால், வீட்டுக்காரி கதவு திறந்து பிடித்துக்கொண்டு நின்ற திருட்டு.

அதன் பின் ளுஹர் என்ற நண்பகல் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்தில் பள்ளிவாசல் முற்றத்துக்குப் போனேன். மோட்டார் சைக்கிள் பற்றரியில் வயரை இணைத்துப் பிறை என்று ஒட்டியிருந்த சுவிட்சைப் போட்டேன். வெயிலில் சரியாகத் தெரியவில்லை என்பதால் சட்டத்தைக் கையால் மறைத்துப் பிடித்து ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னேன். "இதுதான் நான் கண்ட பிறை. வேற பிறை நான் காணல்ல. சத்தியம் பண்ணவுமில்ல" என்றேன். யாரையும் பெயர் சொல்லவில்லை. குரல்பதிவு இரண்டையும் போட்டேன். அதன் பின் ஒரு பெரியவர் குனிந்து டேப்பில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "அணையல்ல எண்டது இதைத்தானா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர்தான் முதலில் சிரித்தார்.

ஹாஜியார் அன்று பின்னேரமே முறைப்பாடு செய்துள்ளார். இன்று காலை, வானத்தில் ஏதோ கண்டு மயங்கிவிட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்தால் முறைப்பாட்டை வாபஸ் வாங்குவதாக அவர் சொல்லியனுப்பியதாக எனக்குத் தெரிவிக்கப்பட்டது. சார்ஜன் அவர்களும், "பெருநாளும் அதுவுமா ஏன் தம்பி, ஒரு வரி எழுதிட்டு உம்மாட்டப் போங்களன்" என்றார். எழுத மாட்டேன். நான் வானத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்காத இடத்தில் கண்டேன் என்று ஒருமுறை எழுதினால், என் உம்மா குடித்த தேத்தண்ணீருக்கு நான்தான் பொறுப்பு என்று கையொப்பம் வைத்தது போலாகும். அவர் நாளைக்கு அந்த ஒரு நோன்பைக் களாவாக, விட்டதற்கு ஈடாக, பிடிக்கப் போகிறார். நானும் அன்று அவரோடு பிடிப்பேன். ஹாஜியார் குழுவில் எழுத வேண்டியது ஒரு வரிதான். அதுவரை அந்த விளக்கு இந்தப் பொலிஸ் நிலையத்தில் சான்றுப்பொருளாக இருக்கட்டும். டேப்பை மட்டும் உரிக்க வேண்டாம்.

மேலே உள்ளதெல்லாம் என் வாயால் சொன்னவை, எனக்குத் தெரிந்தவரை உண்மை. முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது. வாசிக்கும்போது, இருபத்தோராம் வரியில் "மாலை 6.31க்குப் பிறை கண்டேன்" என்று எழுதப்பட்டிருந்ததை நான் மறுத்தேன். சார்ஜன் அவர்கள் அதை வெட்டி, "பிறைச் சுவிட்சைப் போட்டேன். எரிந்தது" என்று எழுதினார். வெட்டிய இடத்தில் இருவரும் சுருக்கொப்பம் இட்டோம். அதன் பின்பே கீழே கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) ஜ. மு. மின்ஹாஜ்