ஏழாம் அறைக்கு வந்த வினாத்தாள்

ஓடுகிறோம். மூன்றாம் மாடியிலிருந்து கீழே. கையில் வினாத்தாள். முன்னால் ரூபா. அவளுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் இரண்டு பையன்கள். விசில் சத்தம். மூச்சு விடாமல் ஊதுகிறான் எவனோ. கீழே இரும்புக் கதவை இழுக்கும் சத்தம். மைக் கரகரக்கிறது.

"கெளகே பர்பேடி! டீபார் மாட்தீனி!"

கீழே வராதே, இனி தேர்வே எழுத முடியாமல் செய்துவிடுவேன் என்கிறது மைக். ரூபா நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டு பத்து. மருத்துவ நுழைவுத் தேர்வு தொடங்கிப் பத்து நிமிடம் ஆகிறது. இடம், பெங்களூரில் ஹெப்பகோடியைத் தாண்டி ஒரு தனியார் பள்ளி. பெயரை எழுதாதே என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். எழுதவில்லை. எழுதவில்லை என்பதற்காக யாரும் மறந்துவிட வேண்டாம்.

என் பெயர் குணசுந்தரி. ஒக்கலிபுரம். அப்பா லக்கேஜ் ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டில் தமிழ். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புவரை கன்னடம். ரூபா அதே தெரு. அவள் வீட்டில் கன்னடம், தெருவில் எங்களோடு தமிழ். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அதற்கு மேல் இரண்டு வருடம் பி.யூ. காலேஜ், உங்கள் ஊர் பிளஸ் டூ மாதிரி. அங்கே புத்தகம் ஆங்கிலம். லெக்சரர் நடத்தியது கன்னடம். நாங்கள் புரிந்துகொண்டதும் கன்னடம். அதனால் இருவரும் தேர்வுக்குக் கன்னடத் தாள் கேட்டோம். ஒரு பக்கம் ஆங்கிலம், ஒரு பக்கம் கன்னடம் இருக்கும். கேட்பதற்கு உரிமை இருந்தது. ஹால் டிக்கெட்டிலும் அச்சடித்திருந்தது.

காலையில் வாசலில் சோதனை. என் சுடிதாரின் முழுக்கையைப் பார்த்து ஒருத்தி கத்தரிக்கோலை எடுத்தாள். கேட்கவில்லை. வெட்டினாள். கர்ரக், கர்ரக் என்று காதருகே சத்தம். கேட்டுக்கு வெளியே அம்மா கத்துவது கேட்டது. ரூபா என் காதில் சொன்னாள்: "விடுடி. உள்ள போனா நம்ம ராஜ்யம்."

ஏழாம் அறை. பதினோரு பேர். எல்லோரும் கன்னடம் கேட்டவர்கள். ஒன்று ஐம்பத்தைந்துக்கு மணி அடித்தது. முத்திரையைக் கிழித்தோம். முழுக்க ஆங்கிலம். கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். ஆங்கிலம். அறை முழுவதும் தாள் புரளும் சத்தம். பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

ரூபாதான் முதலில் எழுந்தாள்.

"இது எங்க பேப்பர் இல்ல மேடம்."

அறைக்கண்காணிப்பாளர் சின்ன வயதுக்காரி. தேர்வு மையத்தின் சூப்பரின்டெண்டண்டைக் கூப்பிட்டாள். அவர் வந்தார். கதவருகிலேயே நின்றார். வினாத்தாள் பெட்டி மாறி வந்திருக்கிறது என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதை அவர் வாயால் சொல்லவில்லை. சொன்னது இது:

"பி.யூ. இங்கிலீஷ்நல்லே தானே ஓதித்து? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கொளி."

ஆங்கிலத்தில்தானே படித்தீர்கள், கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் நகர்ந்து உட்காரச் சொல்வதுபோலச் சொன்னார். போய்விட்டார்.

படித்துப் பார்த்தேன். மைட்டோகாண்ட்ரியா எல்லா மொழியிலும் மைட்டோகாண்ட்ரியாதான். அதில் எங்களுக்குப் பயம் இல்லை. கொல்வது சின்ன வார்த்தைகள். 'அன்லெஸ்', 'எக்ஸெப்ட்', 'ரெஸ்பெக்டிவ்லி'. ஒரு 'நாட்' எதன்மேல் விழுகிறது என்று தெரியாவிட்டால் தெரிந்த விடையும் தப்பு. தப்புக்கு மதிப்பெண்ணும் குறைப்பார்கள். மூன்று முறை படித்தேன். ரூபா இரண்டு முறை படித்தாள். எழுந்து ஓடினாள்.

கீழே ஆபீஸ் வாசல். கான்ஸ்டபிள் லத்தியைக் கைப்பிடிக் கம்பியில் தட்டுகிறார். டங். டங். எங்களை அடிக்கவில்லை. அடிப்பேன் என்று கம்பியிடம் சொல்கிறார். சூப்பரின்டெண்டண்ட் போனில் யாரிடமோ குழைகிறார். "எஸ் சார். ஸ்மூத் சார். எவ்ரிதிங் ஸ்மூத் சார்." எங்களைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்.

"சரியான பேப்பர் வருது. வேற சென்டர்ல இருந்து எடுத்துட்டு வராங்க. மேல போங்க" என்றாள் எங்கள் மேடம். அழுதுகொண்டே சொன்னாள். நம்பினோம். ஏறினோம்.

அறைக்கதவை வெளியே தாழ்போட்டார்கள். சொல்லிவிட்டுப் போடவில்லை. சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. மேலே மின்விசிறி. சுவரில் கடிகாரம். கையில், எழுத வேண்டாம் என்று மேடம் சொன்ன ஆங்கிலத் தாள். உட்கார்ந்திருந்தோம். மஞ்சுநாத் என்கிற பையன் வாந்தி எடுத்தான். பக்கெட் கேட்டோம். வரவில்லை.

மூன்று நாற்பதுக்குத் தாழ் திறந்தது. கன்னடத் தாள் வந்தது. ஐந்து மணிக்குத் தேர்வு முடியும்.

"எக்ஸ்ட்ரா டைம் உண்டா மேடம்?"

"ஆர்டர் இல்ல. எழுதுங்க. சீக்கிரம்."

எழுதினேன். எழுதினேன் என்று சொல்வதே பொய். வட்டங்களைக் கறுப்பாக்கினேன். உயிரியலை முடித்தேன். வேதியியல் பாதி. இயற்பியல் பக்கத்தைத் திறக்கும்போது மணி அடித்தது. ரூபா விடைத்தாளை விடவில்லை. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருக்கிறாள்.

"எங்க டைமைக் கொடுங்க! அப்புறம் எடுத்துக்கோங்க!"

சூப்பரின்டெண்டண்ட் இழுத்தார். ஓரம் கிழிந்தது. சர்ரென்று ஒரு சின்னச் சத்தம்.

எங்களை வெளியே அனுப்பினார்கள். அவளை மட்டும் நிறுத்திவைத்தார்கள். வெளியே என் அப்பா கேட்டின் தகரத்தை அடிக்கிறார்.

"அந்தப் பொண்ண வெளிய விடுய்யா! படிக்க வந்த புள்ளய எதுக்குய்யா புடிச்சு வெச்சிருக்க?"

ரூபாவின் அப்பா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து அவள் வந்தாள். ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். போட்டால்தான் வீட்டுக்கு விடுவோம் என்றார்களாம். என்ன எழுதியிருந்தது என்று கேட்டோம்.

"எல்லாம் இங்கிலீஷுடி. 'வாலன்டரிலி'ன்னு ஒரு வார்த்தை இருந்துச்சு. அப்படின்னா என்ன?"

அவளாகவே அறையை விட்டு வெளியேறினாள், கலாட்டா செய்தாள், விடைத்தாளைக் கிழித்தாள். அதுதான் அந்தக் காகிதம். பிறகு வக்கீல் நகல் வாங்கிப் படித்துச் சொன்னபோது நாங்கள் அவர் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். ரூபா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இனியும் கேட்க வேண்டாம்.

தேர்வு நடத்தியவர்களுக்கு மனு போட்டோம். பதில் வந்தது. கேமரா பதிவைப் பார்த்தார்களாம். தேர்வர்கள் இருக்கையில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்களாம். நேர இழப்பு இல்லையாம். தாழ்போட்ட அறையில் நாங்கள் உட்கார்ந்திருந்ததைத்தான் எங்களுக்கு எதிராகக் காட்டினார்கள். ரூபாவுக்கு மூன்று வருடத் தடை. காரணம், ஒழுங்கீனம். எனக்கு மதிப்பெண் வந்தது. அது எந்தக் காலேஜுக்கும் போதாது. மறுதேர்வு கேட்டோம். பதினோரு பேருக்காக ஒரு தேர்வா என்று கேட்டார்கள். பதினோரு பேரைப் பூட்டிவைக்கும்போது அந்தக் கேள்வி யாருக்கும் வரவில்லை.

நான் இப்போது லேப் டெக்னீஷியன் கோர்ஸ் படிக்கிறேன். ரூபா ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் ஒயர் பொருத்துகிறாள். போன வாரம் அவளைக் கம்பெனி வாசல் டீக்கடையில் பார்த்தேன். அன்றைக்கு நடந்ததை எழுதப்போகிறேன், நாம் இழந்ததையெல்லாம் கடைசியில் கணக்காகப் போடுவேன் என்றேன். டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

"இழந்தோம்னு எழுதாதடி. பஸ்ல பர்ஸைத் தொலைச்ச மாதிரி இருக்கு. பிடுங்கினாங்கன்னு எழுது."

எழுதுகிறேன்.

பிடுங்கியவர்கள்: பெட்டியைப் பார்க்காமல் அனுப்பியவர். பார்த்தும் அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னவர். தாழ்போட்டவர். கேமராவில் அமைதியைக் கண்டவர். இவர்களில் ஒருவருக்கும் வேலை போகவில்லை.

பிடுங்கப்பட்டவை: ஒரு மணி நாற்பது நிமிடம். இயற்பியல் முழுவதும். மஞ்சுநாத்தின் படிப்பு. அவன் புத்தகங்களை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். தாளைத் திறக்கும்போது நடுங்காத என் பழைய கை. ரூபாவின் அப்பா தெருவில் தலைநிமிர்ந்து நடந்த நடை.

டாக்டர் ரூபா. ஒருவர்.