ஒளிச்சு வெச்ச சினையாடு

— கதவை ஏன் சாத்துறீங்க? ஆட்டு டாக்டர் போயிட்டாரா?

— போயிட்டாரு. ஊசி போட்டு எல்லா ஆட்டையும் சாய்ச்சாச்சு. குழியில சுண்ணாம்பு கொட்டி மூடிட்டாங்க. நீ வெளிய வராத, பார்க்காத.

— நான் எதுக்குப் பார்க்கப்போறேன்? என் புள்ளைய முழுங்கின பட்டி அது. ஒழியட்டும்.

— இந்தா பாரும்மா, வாயில்லாத ஜீவனைத் திட்டாத. அதுங்களுக்கும் காய்ச்சல் வந்துச்சு, குட்டி செத்துச்சு. நமக்கும்...

— நமக்குன்னு சொல்லாதீங்க. சுமந்தவ நான். மூச்சில்லாம விழுந்த குட்டியை மடியில போட்டு, வாய் வெச்சு ஊதினதும் நான். “ஊது ஊது, பொழைச்சுக்கும்”னு பக்கத்துல நின்னது யாரு?

— ஆட்டுக்கு வர்றது மனுஷனுக்கு ஒட்டும்னு எனக்கு என்ன தெரியும்? அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தானே ஊதுறோம்.

— ஆஸ்பத்திரி டாக்டரம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்க. ஆடு குட்டி போடுறப்ப வர்ற தண்ணியிலயும் நஞ்சுக்கொடியிலயும்தான் நோயே இருக்காம். புள்ளத்தாச்சி அந்தப் பக்கமே போகக்கூடாதாம். வயிறு காலியானப்புறம் சொல்லி என்ன புண்ணியம்?

— அழாதம்மா. இந்தா பாரு, ஒண்ணு சொல்றேன். கத்தக்கூடாது.

— என்ன பண்ணித் தொலைச்சீங்க?

— கறுப்பியை மட்டும் முன்னாடியே ஓட்டிட்டுப் போய் ஒளிச்சு வெச்சுட்டேன்.

— ஐயையோ! அது நிறைசினையாச்சே!

— அதனாலதான்! அது ஒண்ணு இருந்தா மறுபடி பட்டி போட்டுடலாம். வேற என்ன இருக்கு நமக்கு? நல்லா மேயுது, நல்லா அசைபோடுது. ஒரு நோயும் கிடையாது.

— ஒளிச்சு வைக்க அது என்ன துணி மூட்டையா? எங்க விட்டீங்க?

— தங்கச்சி வீட்டுக் கொட்டகையிலதான். நோய்னு சொன்னா பயப்படுவான்னு, இங்க இடமில்ல, கொஞ்ச நாள் பார்த்துக்கோன்னேன். இப்பதான் போன் பண்ணா, ஒரே குஷி. கறுப்பி குட்டி போட்டுருச்சாம்.

— யாரு கூட இருந்தா?

— அவதான். ஆள் தேட நேரமில்லையாம். குட்டி மூச்சில்லாம கிடந்துச்சாம். அண்ணி செய்யற மாதிரியே வாய் வெச்சு ஊதினாளாம், தும்மிக்கிட்டு எழுந்துருச்சாம்! உன்கிட்ட முதல்ல சொல்லச் சொன்னா... என்னம்மா? ஏன் அப்படியே உட்கார்ந்துட்ட?

— அவ முழுகாம இருக்கா. நாம இப்படிக் கிடக்கிறப்ப எந்த வாயால சொல்றது, அண்ணனுக்கு இப்பத் தெரிய வேண்டாம் அண்ணின்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா.