இருளாயி திருப்பிக் கொட்டுன கூடை

மூக்கப் பொத்திக்கிட்டுக் கேக்க வேண்டிய கதை இது. அரிதாரம் பூசுறவுக பூசிக்கிட்டே கேளுங்க. சும்மா இருக்கிறவுக இப்பிடிக் கிட்ட வாங்க. நீங்க ஆடப்போற இந்தக் கொட்டகைக்கு ஏன் இப்பிடி ஒரு பழக்கம்னு கேட்டீகள்ல, சொல்றேன்.

ரொம்ப ரொம்ப முந்தி, இந்தச் சேவூரணியில, இருளாயின்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க அய்யாவுக்கு அத்தை மொறை. கீழத்தெருக்காரி. இந்த நாடகக் கொட்டகை அப்பவே இருந்துச்சாம். மேலத்தெருக்காரவுக உள்ள உக்காந்து பாப்பாக. எங்காளுக பின்செவுத்துக்கு வெளிய, மண்ணுல உக்காந்து காதால கேட்டுட்டு வருவாக. பாக்குறவுக உள்ள, கேக்குறவுக வெளிய. அதான் சட்டமாம்.

இருளாயி சின்னப் பிள்ளையிலருந்தே அந்தச் செவுத்துல காத வச்சவ. ராஜா பாட்டு, பபூன் பேச்சு, ராணி பொலம்பல் எல்லாம் மனப்பாடமாம். ஆனா ஒண்ணே ஒண்ணு தெரியாது. புருசன் செத்த சேதி கேட்டு ராணி அழுகுறாளே, அது நின்னுக்கிட்டு அழுகுறாளா, உக்காந்து அழுகுறாளா? "சாகுறதுக்குள்ள ஒருதரம் கண்ணால பாத்துரணும்டி"ன்னு களை எடுக்கிற எடத்துலயும் இதே பேச்சாம்.

அப்பறம் கொட்டகை படுத்துருச்சு. கட்டுன மொதலாளி செத்துப்போக, மகன்காரன் ஆட்டுத்தோல் ஏவாரிக்கு விட்டுட்டானாம். உப்புத் தடவுன பச்சைத் தோலை மேடை வரைக்கும் அடுக்கி வச்சான். ஒருநாள் ஏவாரி நொடிச்சுப்போயி ஊரவிட்டே ஓடிட்டான். தோலு அப்பிடியே கெடந்து அழுகுச்சு. ஓடு ஒடஞ்சு மழை எறங்குச்சு. உள்ள எட்டிப் பாத்தா தரையே நகர்ற மாதிரி புழு நெளியுமாம். அதோட விட்டாகளா? மேலத்தெரு ஆம்பளைக அம்புட்டுப் பேரும் அந்தச் செவுத்துலதான் ஒண்ணுக்கு இருந்தாக. வெள்ள வேட்டி, நெத்தி நெறைய விபூதி, செவுத்தப் பாத்து நிக்கிறது. தூ! இருபது வருசம், சொல்லிக்கிற மாதிரியா இருக்கு?

பக்கத்து ஊருல புதுசாக் கொட்டகை கட்டுனதும்தான் இவுகளுக்கு ரோசம் வந்துச்சாம். ஊர்த்தலைவர் காசிலிங்கம், கொட்டகையப் புதுப்பிக்கணும்னு கூட்டம் போட்டாராம். ஓடு மாத்த ஆள் இருக்கு. மரவேலைக்கு ஆள் இருக்கு. சுண்ணாம்படிக்க ஆள் இருக்கு. உள்ள கெடக்கிறத அள்ளத்தான் ஆள் இல்ல. உடனே கீழத்தெரு மொனையில வந்து நின்னாராம்.

"ஏ இருளாயி, கொட்டகையச் சுத்தம் பண்ணிக் குடுங்க. இனி அது ஊருக்கே பொது. எல்லாரும் உள்ள வரலாம், பாக்கலாம்."

"நாங்களுமா சாமி?"

"நீங்களுந்தான்."

அவ்வளவுதான். மறுநாளே நாலு பொம்பளைகளச் சேத்துக்கிட்டு எறங்கிட்டாளாம். அள்ளுனாளாம், சொமந்தாளாம், பின்னால பெரிய குழியில கொட்டுனாளாம். அள்ளுனாளாம், சொமந்தாளாம், கொட்டுனாளாம். ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு. கூடையிலருந்து ஒழுகுற தண்ணி கண்ணுல எறங்குமாம். எத்தனை தரம் குளிச்சாலும் தலமுடியில அந்த வாடை போகலையாம். சோத்துல கைய வச்சா கொமட்டிக்கிட்டு வருமாம். கடைசியில தரை தெரிஞ்சுச்சு. அந்தத் தரைய மண்டிபோட்டுத் தேச்சாளாம்.

மொத நாடகத்தன்னைக்கு மத்தியானமே எண்ணெ தேச்சுக் குளிச்சு, இருக்கிறதுலயே நல்ல சேலையக் கட்டிக்கிட்டுப் போனாளாம். போனா என்ன நடக்குது? அவ தேச்ச தரையில மேலத்தெருக்காரவுக சாணித்தண்ணியும் மஞ்சத்தண்ணியும் தெளிச்சுக்கிட்டு இருக்காக. கொட்டகையோட கடைக்கோடியில ஆள் ஒசரத்துக்கு ஒரு ஓலைத்தட்டி நிக்கிது.

"என்ன சாமி தெளிக்கிறீக?"

"நீங்க பொழங்குன எடம்ல. தீட்டுக் கழிக்கணும்ல."

"இந்தத் தட்டி?"

"அதுக்குப் பின்னால நீங்க உக்காந்துக்கங்க. உள்ள விடுறேன்னுதான சொன்னேன், விட்டுட்டேன்ல?"ன்னு சிரிச்சாராம் காசிலிங்கம்.

கேட்டீகளா நாயத்த? இருபது வருசம் இவுக ஒண்ணுக்கு இருந்தப்ப வராத தீட்டு, அவ அள்ளிப்போட்டதுல வந்துருச்சாம்! 

இருளாயி அழுகலையாம். "எங்க கை பட்டது ஆகாதுன்னா, எங்க கை செஞ்ச வேலையும் ஆகாதுல்ல சாமி. எடுத்தத எடுத்த எடத்துலயே வச்சிர்றேன்"னாளாம். நேரா குழிக்குப் போனா. அந்த நல்ல சேலையோட எறங்குனா. அள்ளுனாளாம், சொமந்தாளாம், தெளிச்ச மஞ்சத்தண்ணிக்கு மேலயே கொட்டுனாளாம். ஒரு கூடை. ரெண்டு கூடை. மூணாவது கூடைக்கு மத்த நாலு பொம்பளைகளும் வந்துட்டாகளாம்.

"அடிங்கடா அவளை!"ன்னு கத்துனாராம் தலைவர். கம்பெடுத்துக்கிட்டுப் பத்துப்பேர் ஓடியாந்தானுக. ஓடியாந்தவன் அஞ்சடி தள்ளியே நின்னுட்டான். தலையிலருந்து கால் வரைக்கும் அவ மேல வழியுதே, தொட்டா ஒட்டிக்குமே! எந்தத் தீட்டச் சொல்லி அவளை ஒதுக்குனாகளோ அதுக்குப் பயந்துதான் ஒருத்தனும் கிட்ட போகல. அவ பாட்டுக்குக் கொட்டிக்கிட்டே இருந்தாளாம்.

அந்த நேரம் பாத்து நாடகக்காரவுக வண்டி வந்துருச்சு. எட்டு ஊருக்குத் தண்டோராப் போட்டு, சனம் வேற கூட ஆரம்பிச்சிருச்சு. ஆர்மோனியக்காரர் வாசல்லயே வாந்தி எடுத்தாராம். "இந்த நாத்தத்துல வாய் தொறக்க மாட்டோம். பொழுது சாயுறதுக்குள்ள சுத்தம் பண்ணலைன்னா வண்டியத் திருப்பிருவோம்"னுட்டாக.

கீழத்தெருவுக்கு ஆள் மேல ஆள் போச்சு. ஒரு வீடு கதவு தொறக்கல. கடைசியில தலைவரே இருளாயிகிட்ட வந்து, "என்னதான் வேணும் உனக்கு?"ன்னாராம்.

"தட்டியப் பிரிங்க. மொதக் கூடைய நீங்க தூக்குங்க. நாங்க முன்னால உக்காருவோம்."

எட்டு ஊர்ச் சனம் பாக்குது. வேற வழி? மூக்குல துண்டக் கட்டிக்கிட்டுத் தூக்குனாராம் காசிலிங்கம். நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள வாந்தி. தொடச்சுட்டுத் திரும்பத் தூக்குனாராம். அவரு தூக்குனதும் மேலத்தெருவே தூக்குச்சு. செவுத்துல நின்ன அம்புட்டுப் பேரும் அன்னைக்குத்தான் அது என்ன வாடைன்னு தெரிஞ்சுக்கிட்டானுக.

நாடகம் நடந்துச்சு. இருளாயி மேடைக்கு நேரா உக்காந்தாளாம். ராணி வந்தா. புருசன் செத்த சேதி வந்துச்சு. ராணி நின்னுக்கிட்டும் அழுகல, உக்காந்தும் அழுகல, தரையில விழுந்து பெரண்டு அழுதா. அப்பத்தான் இருளாயி பாத்தா, ராணி மொகத்துல ரெண்டு நாளு மழிக்காத தாடி! "அடச்சீ, ஆம்பளையாடி இவன்? இவனுக்கா முப்பது வருசம் செவுத்துல சாஞ்சு அழுதேன்?"னு காறித் துப்புனாளாம். துப்பிட்டு, எந்திரிச்சுப் போகல. விடியிற வரைக்கும் பாத்துட்டுத்தான் போனாளாம்.

அன்னைக்கு ஆரம்பிச்சதுதான். வருசத்துல மொத நாடகத்துக்கு ஊர்த்தலைவர் யாரா இருந்தாலும், ஒரு கூடை அசிங்கத்த அள்ளிப் பின்னால குழியில கொட்டணும். பெறகு கீழத்தெரு உள்ள போகும். பெறகுதான் மத்தவுக. வாசப் பலகையில, கொட்டகையக் கட்டுன மொதலாளி பேரு இருக்கு, யாரு சொல்றா? எட்டு ஊருக்கும் இது கூடைக் கொட்டகைதான்.

போன வருசம் இப்ப இருக்கிற தலைவர் வந்தாரு. புதுக் கூடை, அதுல நாலு காஞ்ச பூவு, கூட போட்டோக்காரன். நான்தான வாசல்ல நிக்கிறவ? கூடையப் பிடுங்கிக் கவுத்துட்டேன். "பின்னால சாக்கடை அடச்சுக் கெடக்கு. அதுல அள்ளுங்க"ன்னேன். மொறச்சாரு. சனம் பாக்குதேன்னு போனாரு. அள்ளிக் கொட்டிட்டு, சட்டையில ஒழுகுன சாக்கடையோட எங்கிட்ட வந்து மொகத்தச் சுளிச்சுக்கிட்டுக் கேட்டாரு.

"இந்த அசிங்கத்த இன்னும் எத்தனை வருசத்துக்குத் தூக்கணும்?"

"எங்க தெருப் பொணம் உங்க தெரு வழியாச் சுடுகாட்டுக்குப் போற வரைக்கும்"னேன்.

 கையக் கழுவிட்டு, கடைசி வரிசையில போயி உக்காந்துக்கிட்டாரு.