பூசை முடிந்ததும் ஐந்து நிமிடம்

— வேற யாரையாச்சும் கேளுங்க டீச்சரம்மா. அத்தன பேரு முன்னால நின்னு என்னால பேச முடியாதுங்க.

— பிரசங்கம் இல்ல செல்லக்கிளி. எட்டு மணிப் பூசை முடிஞ்சதும் ஃபாதர் அஞ்சு நிமிஷம் குடுத்திருக்கார். அதுல நீ ரெண்டு நிமிஷம் பேசினா போதும்.

— என்னன்னு பேசறது?

— உன் வீட்டுக்காரரப் பத்தித்தான். மருதைக்கு வாயில கேன்சர் வந்தது, கன்னம் ஓட்டையாகிப் பேச்சு போனது, யாரும் சேத்துக்காதப்ப நம்ம சர்ச் இல்லத்துல வெச்சுப் பாக்கறது. நடந்தத நடந்த மாதிரி சொல்லு. பக்கத்துல திரையில அவர் போட்டோ ஒண்ணு பெரிசாக் காட்டுவோம்.

— எந்தப் போட்டோ?

— இப்ப எடுக்கறதுதான். கட்டு இல்லாம.

— அது மட்டும் வேணாங்க. உங்க கால்ல வேணாலும் விழறேன்.

— நான் மட்டும் ஆசைப்பட்டா கேக்கறேன்? நாலு மாசமா இல்லத்துக்குக் காசு வேணும்னு இதே சனங்ககிட்டக் கேட்டுட்டேன். பிரியாணி டோக்கன் வித்தேன். வீடு வீடாப் பிடி அரிசிக்கு டப்பா குடுத்தேன், பாதி டப்பா திரும்பியே வரல. பழைய பேப்பர், பாட்டில்கூடப் பொறுக்கி வித்தாச்சு. புண்ணு கழுவ எட்டுப் பேர் வந்துட்டிருந்தாங்க. இப்ப நானும் அனுசுயாவும்தான். நர்ஸ் பவித்ரா மூணு மாசமா சம்பளம் இல்லாம வந்துட்டிருக்கு. இன்னைக்கும் ஒண்ணும் தேறலேன்னா முப்பதாந்தேதியோட இல்லத்தப் பூட்டறதுன்னு பங்குப் பேரவையில முடிவு பண்ணிட்டாங்க.

— பூட்டிட்டா இவங்கள்லாம் எங்க போவாங்க?

— ஒன்பது பேரையும் அவங்கவங்க வீட்டுக்கு அனுப்பணும்.

— எங்களுக்கு ஏதுங்க வீடு? துறையூர்ல மாட்டுக் கொட்டாயிலதான் அவரப் படுக்க வெச்சிருந்தேன். பெத்த பொண்ணு பச்சப்புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்துது, வாசல்லயே நின்னுட்டுப் போயிருச்சு. வைத்தியம் பாக்கலாம்னு திருச்சி பஸ்ஸுல ஏறுனா, நாத்தம் தாங்கலன்னு டோல்கேட்ல எறக்கி விட்டுட்டாங்க. அந்த வெயில்ல கொள்ளிடம் பாலத்த நடந்தே தாண்டுனோம். ஸ்ரீரங்கத்துல டீ கேட்டா, பாத்திரம் வெச்சிருக்கியான்னு கேக்குறாங்க.

— தெரியும்மா. அம்மா மண்டபத்துப் படித்துறையில சாப்பாட்டுப் பொட்டலம் குடுக்க வந்தப்பதான உங்களப் பாத்தேன்.

— அன்னைக்கு நீங்க மூக்கப் பொத்தல. அவரு பக்கத்துல உக்காந்து, "உங்க பேர் என்னங்க"ன்னு கேட்டீங்க. ஒரு வருசத்துல அவரப் பேர் கேட்ட ஒரே ஆளு நீங்கதான். இப்ப நீங்களே அந்த மொகத்தப் பெரிசாக்கி ஆயிரம் பேரு முன்னால வெப்பேங்கறீங்க.

— பாத்தாத்தான் குடுப்பாங்க செல்லக்கிளி. சொல்லிச் சொல்லி என் தொண்டைத்தண்ணி வத்திப் போச்சு. நான் அச்சடிச்சுக் குடுத்த நோட்டீஸ மடிச்சு விசிறிக்கறாங்க. மத்த எட்டுப் பேருக்காகப் பேச யார் இருக்கா சொல்லு? சொந்தக்காரங்க எட்டிப் பாக்கறதில்ல. பக்கத்துக் கட்டில்ல இருக்காரே பிச்சை, அவருக்குச் சொந்தம்னு ஒருத்தருமே கெடையாது, காந்தி மார்க்கெட்ல மூட்டை தூக்கிட்டு அங்கயே படுத்திருந்தவர். திரும்ப அங்கதான் போகணும், அந்தப் புண்ணுக் காலோட. இங்கயே கெடக்கறது நீ ஒருத்திதான்.

— அவரு தாங்க மாட்டாருங்க. வார்டுல இருந்த கண்ணாடியக்கூட நான்தான் கழட்டி எடுத்தேன், அவரு கண்ணுல படக் கூடாதுன்னு. பவித்ரா கட்டு மாத்துறப்பவும் கதவச் சாத்திருவேன்.

— நீ பேசலேன்னா முப்பதாந்தேதி அவரையும் கூட்டிட்டுத்தான் போகணும்.

— மெரட்டுறீங்களா டீச்சரம்மா?

— இல்லம்மா. மன்னிச்சுக்க. முப்பது வருஷம் ஒரு புள்ளைய அடிக்காம பாடம் சொல்லிக் குடுத்தவ நான். இப்ப உங்கிட்ட இப்படிப் பேசறேன். ரோட்ல தெரிஞ்சவங்க எதிர்ல வந்தா, இவங்ககிட்ட இன்னும் கேக்கலையேன்னுதான் மொதல்ல தோணுது. என்னப் பாத்தா அவங்களும் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போறாங்க. எனக்கு வேற வழி தெரியல.

— அழுவாதீங்க. உள்ள கேக்கப் போவுது.

— தூங்கலையா அவரு?

— ஊசி போட்டிருக்காங்க, தூங்கத்தான் செய்யிறாரு. இங்க பாருங்க, நான் வரேன். ஆனா போட்டோ வேணாம். அவரு பேரு, ஊரு எதையும் சொல்ல மாட்டேன். பொதுவா, இந்த மாதிரி நோயாளிங்கள இங்க நல்லாப் பாத்துக்கறாங்கன்னு சொல்லுறேன்.

— அதத்தான் போன மாசம் நான் சொன்னேன். பாதிப் பேர் செருப்பு மாட்டிக் கெளம்பிட்டாங்க.

— அதுக்கு மேல என்னால ஆவாதுங்க. கட்டுனவளே புருசன வேடிக்க காட்டுனான்னு ஆயிரும்.

— சரி விடு. பூசையோட கடைசிப் பாட்டு ஆரம்பிச்சுட்டாங்க. நான் மட்டுமே போய்க் கேக்கறேன். ஆண்டவர் விட்ட வழி.

— டீச்சர், ஒரு நிமிஷம். செல்லக்கிளி அக்கா, நீங்களும் இருங்க.

— என்ன பவித்ரா, மூச்சு வாங்குது? யாருக்காவது முடியலையா?

— மருதை அண்ணன் தூங்கல டீச்சர். ஜன்னலோரமாவே உக்காந்திருந்தாரு. நீங்க பேசினது அத்தனையும் கேட்டிருக்காரு.

— ஐயோ சாமி. அழுவுறாரா?

— இல்லக்கா. கட்டப் பிரின்னு கையக் காட்டினாரு. மாட்டேன்னேன். அவரே பிரிக்க ஆரம்பிச்சிட்டாரு, அப்புறம் நான்தான் மெதுவாப் பிரிச்சு விட்டேன். பிச்சை அண்ணனோட சட்டைய வாங்கிப் போட்டுக்கிட்டு, நிக்க முடியாம நிக்கிறாரு. இந்தப் பேப்பர உங்க ரெண்டு பேர்கிட்டயும் குடுக்கச் சொன்னாரு.

— எனக்கு எழுத்து தெரியாதுங்க. என்ன எழுதியிருக்காரு? படிங்க டீச்சரம்மா.

— "ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? போட்டோ வேணாம், நானே வந்து நிக்கிறேன்."