பின்சீட்டு எடை

விடியற்காலை நாலரை மணி. கல்குவாரிக்குப் பின்னால் போகும் சாலை. விளக்கு கிடையாது... வீடு கிடையாது. அந்த நேரத்தில் அந்த வழியாக ஒரே ஒரு பைக்தான் போகும்.

டேய், அந்த ஸ்பேனரைக் கீழே வை. டிங் டிங்கென்று தட்டிக்கொண்டே இருந்தால் எனக்குக் கதை வராது. கரண்ட் வருகிறபோது வரட்டும். எல்லாரும் கிட்டே வந்து உட்காருங்கள்.

இது என் சிநேகிதன் பெயிண்டரின் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. பெயிண்டருக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் இந்நேரம் எங்கேயோ போயிருப்பான்.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஷிஃப்டுக்கு ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். முதுகில் ஆபரேஷன் ஆகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. "குலுங்கவே கூடாதும்மா. இன்னொரு தடவை அடிபட்டா எழுந்து நடக்கறது கஷ்டம்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் பஸ் ஏது? அவள் வீட்டுக்காரர், அதாவது பெயிண்டரின் மாமா, ஒரு வண்டிப் பைத்தியம். "என் பொண்டாட்டி குலுங்காம போகணும், அவ்வளவுதான்" என்று பைக்கின் பின் ஷாக் அப்சார்பரை மாற்றக் கிளம்பிவிட்டார்.

புதுசு கட்டுப்படி ஆகவில்லை. பழைய சாமான் கடையில் ஒரு ஜோடி கிடைத்தது. விபத்தில் அடிபட்ட பெரிய பைக்கிலிருந்து கழற்றியது. நல்ல ரகம். கடைக்காரன் துடைத்துக்கொண்டே சொன்னானாம், "பயப்படாதீங்க சார். ஓட்டினவனுக்கு ஒரு கீறல்கூட இல்ல."

அதோடு நிறுத்திக்கொண்டான். மாமாவும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாமா வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட். மாமா, பெயிண்டர், வெல்டர், மூன்று பேர். ஒருத்தர் வண்டிக்கு மற்ற இரண்டு பேர் கை கொடுப்பது அவர்கள் வழக்கம். போன மாதம் வெல்டரின் முன் ஃபோர்க். இந்த மாதம் மாமாவின் பின் ஷாக்.

ஷாக் மாற்றினால் அமுக்கம் பார்க்க வேண்டும், உங்களுக்குத் தெரியாததா? ஓட்டுகிறவர் ஏறி உட்காருவார். ஒருத்தன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வான். இன்னொருத்தன் பின்சக்கர அச்சிலிருந்து சீட்டு வரை டேப்பைப் பிடித்து, வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பான். பழைய ஷாக்கில் மாமா உட்கார்ந்தால் முப்பது மில்லிமீட்டர். பெயிண்டர் அதைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தான்.

வாங்கி வந்த ஜோடியை மாட்டினார்கள். மாமா ஏறினார்.

கிரீச்...

வண்டி அமுங்கியது. பெயிண்டர் டேப்பை வைக்கக் குனிந்தான்.

கிரீச்...

இன்னொரு தடவை அமுங்கியது. மாமா அசையவே இல்லை.

ஐம்பத்தைந்து மில்லி! இறங்கி ஏறச் சொன்னான். மறுபடியும் அதே இரண்டு கிரீச், அதே ஐம்பத்தைந்து.

"என்ன மாமா, அக்கா சமையல்ல நல்லா ஊதிட்டீங்களா?" என்று சிரித்தான் பெயிண்டர்.

"இது ரெண்டு ஆள் உட்கார்ற அளவுடா" என்றான் வெல்டர். சொன்னவன் அங்கேயே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லையே! "ஸ்பிரிங் சோர்ந்து போச்சு. இறுக்கிட்டா சரியாயிடும்."

கொக்கி ஸ்பேனரைப் போட்டு மூன்று பல் இறுக்கினார்கள். முப்பது வந்துவிட்டது. ஒருத்தருக்கொருத்தர் கை குலுக்கிக்கொண்டார்கள். மடப்பசங்கள்! கூட ஏறி உட்கார்ந்தது எது என்று பார்க்காமல், அது சௌகரியமாக உட்கார்ந்து போக ஸ்பிரிங்கை இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஷெட்டில் ஒரு வாடை இருந்ததாம். மழையில் நனைந்த ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு புளித்த வாடை வருமே... அது. மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் நாலரைக்கு அக்கா பின்னால் ஏறினாள். "ஏங்க, கொஞ்சம் தள்ளி உட்காருங்க. இடமே இல்ல" என்றாள். மாமா ஏற்கெனவே டேங்கோடு ஒட்டிக்கொண்டிருந்தார். ஆனால் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. குலுக்கலே இல்லை. ஆறு நாள், வலி என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடம் பற்றவில்லை என்று மட்டும் தினமும் சொன்னாள். நாளுக்கு நாள் நகர்ந்து, சீட்டு முடிகிற இடத்தில் இருக்கும் பிடிகம்பி வரைக்கும் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

ஏழாவது நாள். கல்குவாரி வளைவில் ஒரு வேகத்தடை உண்டு. வண்டி ஏறி இறங்கியது. இறங்கும்போது பின்னால் கொஞ்சம் லேசானது போல இருந்தது. ஷாக் எப்படி வேலை செய்கிறது பார் என்று மாமாவுக்கு ஒரே பெருமை.

"மேடே தெரியல பாத்தியா?" என்றார். பதில் இல்லை. அந்த நேரத்தில் அவள் தூங்கி வழிவாள். "தூங்கிடாத. கெட்டியா பிடிச்சுக்க" என்றார்.

தோளில் இருந்த கை கெட்டியாகப் பிடித்தது. இரண்டு தோளிலும். அக்கா எப்போதும் ஒரு கைதான் வைப்பாள், இன்னொரு கையில் சாப்பாட்டுப் பை இருக்கும். அது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்று கிலோமீட்டர்... குழாய் ஒழுகுவது, பையனின் பரீட்சை, என்னென்னவோ பேசிக்கொண்டே போனார். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார்.

கிரீச்...

பின்னால் இறங்கியது. வண்டி எழும்பியது. "சாயங்காலம் வரேன்" என்று திரும்பினார்.

யாருமில்லை. சட்டையில் இரண்டு தோளும் ஈரம். அந்தப் புளித்த வாடை.

வந்த வழியே பறந்தார். அக்கா வேகத்தடையை ஒட்டிக் கிடந்தாள். குவாரிக்கு லோடு ஏற்ற வந்த ஒரு லாரி டிரைவர் பக்கத்தில் குந்தி, தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பித்தது. முதுகு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

"கத்தினேனே... ஏன் நிக்கல?" என்று அழுதாள். "என்னைத் தள்ளிவிட்டுட்டு உங்க பின்னால உட்கார்ந்து போச்சே... யாருங்க அது?"

மாமா அவளை அந்த லாரியிலேயே ஏற்றி, அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் எழுதிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது மாமா காதில் விழுந்தது. "ஓட்டினவருக்கு ஒரு கீறல்கூட இல்ல."

இருங்கள், இன்னும் முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து பெயிண்டர் மாமாவை வற்புறுத்தி ஷெட்டுக்குக் கூட்டிப்போய் வண்டியில் உட்கார வைத்தான். வெல்டர் ஹேண்டில்பாரைப் பிடித்தான். ஒரே ஒரு கிரீச். காத்திருந்தார்கள்... இரண்டாவது வரவில்லை. ஐந்து மில்லி. வண்டி விறைத்துக்கொண்டு நின்றது.

"இறங்கிடுச்சு மாமா" என்று பெயிண்டர் அழுதேவிட்டான். அது எந்த வாசலில் இறங்கியது என்று மூன்று பேருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாமாவும் பெயிண்டரும் தூக்கி இரும்புக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். கிரீச் என்றது. அது அக்காவின் எடை. சுவர்ப் பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தாள், தானாகத் திரும்ப முடியாது. பெயிண்டர் வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். மாமா விளக்கை அணைக்கப் போனார்.

கிரீச்...

அக்காவின் குரல் கேட்டது, தூக்கக் கலக்கத்தில்.

"ஏங்க... கொஞ்சம் தள்ளிப் படுங்க. இடமே இல்ல."

மாமா சுவிட்சில் கை வைத்தபடி, கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.